ஜிதரின் பேஸ் கம்பிகள்: ட்யூனர் 'ஜி' காட்டினால் சாவியைக் கீழே வையுங்கள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, படிக்க வசதியாகச் சற்றுத் திருத்திய எழுத்து வடிவம்.)

1949-ல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தை நீங்க பார்க்கலைன்னாலும், அதோட தீம் மியூசிக்கை எங்கேயாவது கேட்டிருக்க வாய்ப்பு இருக்கு. வியன்னாக்காரர் ஆன்டன் கராஸ் தனி ஆளா வாசிச்சது. மேலே மெலடி போகும், நடுவில் கார்டு விழும், கீழே தும் தும் என்று பேஸ் நடக்கும். மூணு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனா வேலை செய்யறது ரெண்டே கைதான்.

அந்தக் கருவியின் பெயர் ஜிதர். சிதார் இல்லை, ஜிதர். மேசை மேல படுக்க வைத்து வாசிக்கும் ஒரு தட்டையான மரப்பெட்டி. பவேரியா, ஆஸ்திரியா பக்கம் வீட்டு இசையாக வளர்ந்தது. இன்னைக்கு நாம பேசப்போறது அதன் கச்சேரி வடிவமான கான்செர்ட் ஜிதர் பற்றி. அதிலும் ஒரே ஒரு விஷயம்: அதன் மிகக் கீழான பேஸ் கம்பிகளுக்கு எப்படிச் சுருதி சேர்ப்பது, அது ஏன் இவ்வளவு கஷ்டம், தப்பினால் என்ன ஆகும்.

"நமக்கு எதுக்குய்யா ஜிதர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இது ஒரு அருமையான அளவீட்டுப் பிரச்சினை. கோடு எழுதற எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: சென்சார் சொல்ற எண் சரி, அது எதை அளந்தது என்பதில்தான் தப்பு.

முதலில் கருவியைப் பார்ப்போம்

கான்செர்ட் ஜிதரில் கம்பிகளை நாலு கூட்டமா பிரிச்சுக்கலாம். வாசிப்பவருக்கு மிக அருகில் 5 கம்பிகள். இவற்றுக்கு மட்டும் கீழே மெட்டு உண்டு, நம்ம வீணைக்கு இருக்கிற மாதிரி. மெலடி இங்கேதான். இடது கை மெட்டில் அழுத்தும், வலது கட்டைவிரலில் மாட்டிய வளையம் மீட்டும்.

அதற்கு அப்பால் இருக்கிற எல்லாமே திறந்த கம்பிகள். மெட்டு கிடையாது, ஒரு கம்பிக்கு ஒரு சுரம்தான். 12 கம்பிகள் கார்டுக்கு, அடுத்த 12 பேஸுக்கு. இந்த ரெண்டு கூட்டமும் சி, டி, இ என்று வரிசையாக இருக்காது. பஞ்சமச் சுழற்சியில் இருக்கும்: இ ஃப்ளாட், பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, இ என்று போகும். ஒரு கம்பி சா என்றால் அடுத்தது அதன் பா. கார்டுக்குத் தேவையான சுரங்கள் ஒரு கை அகலத்துக்குள் வந்துவிடும் என்பதுதான் காரணம். முனிச்சில் இருந்த நிகோலாஸ் வைகெல் 1838-ல் இந்த அமைப்பை முன்வைத்தார். உடனே யாரும் எடுத்துக்கலை. 1862-ல் மாக்ஸ் ஆம்பெர்கர் என்ற முனிச் கருவிக் கைவினைஞர் அந்த அடிப்படையில் ஜிதர் செய்த பிறகுதான் அது பரவியது.

கடைசிக் கூட்டம் கான்ட்ராபேஸ், வாசிப்பவரிடமிருந்து மிகத் தள்ளி இருப்பது. இது அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்கும். எத்தனை கம்பி என்பது கருவிக்குக் கருவி மாறும். நம்ம ஹீரோவும் வில்லனும் இவங்கதான்.

சுரப் பெயரோடு ஒரு எண் சொல்வேன், அது எந்த ஸ்தாயி என்பதற்கு. ஒரு அடையாளத்துக்கு: கிட்டாரின் மிகத் தடித்த கம்பி இ2, அதாவது 82.4 ஹெர்ட்ஸ். ஜிதரின் கான்ட்ராபேஸில் சி2 என்பது 65.4 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே ஏ1 வரை போனால் 55 ஹெர்ட்ஸ்.

சின்னப் பெட்டிக்குள் பெரிய சத்தம்

பள்ளி ஃபிசிக்ஸில் சுரமானி என்று ஒரு சோதனை ஞாபகம் இருக்கா? ஒரு கம்பியின் சுருதியை மூணு விஷயம் தீர்மானிக்கும்: நீளம், இழுவிசை, எடை. சுருதி கீழே போகணும்னா கம்பியை நீளமாக்கணும், அல்லது தளர்த்தணும், அல்லது எடையைக் கூட்டணும்.

பியானோவிலும் ஹார்ப்பிலும் பேஸ் கம்பிகள் நீளமா இருக்கும். அதனாலதான் அந்தக் கருவிகளுக்கு அந்த வளைந்த உருவம். ஜிதரில் அந்த வசதி ரொம்பக் குறைவு. மெட்டுக் கம்பிகளின் நீளம் சுமார் 43 செ.மீ. பேஸ் பக்கம் பெட்டி கொஞ்சம் நீண்டாலும் பெரிய வித்தியாசம் வராது. கணக்குக்கு 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரில் 65 செ.மீ. நீளத்தில் 82 ஹெர்ட்ஸ் எடுக்கிறோம். ஜிதரில் 45 செ.மீ. நீளத்தில் 65 ஹெர்ட்ஸ் எடுக்கணும். அதே இழுவிசையில் அதைச் செய்ய, மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கில் கம்பி 3.3 மடங்கு கனமா இருக்கணும். ஏ1-க்கு 4.7 மடங்கு.

அதனால உள்ளே ஒரு மையநூல், அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய உலோகக் கம்பி. பழைய கருவிகளில் உள்ளே பட்டு நூல், இப்போ நைலான் அல்லது எஃகு. எடை முழுக்க வெளிச்சுற்றில், இழுவிசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் நூல் மட்டும். இதை மனசில் வைங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொரு சிக்கல் பெட்டியே. அது மெல்லியது, சின்னது. 55 ஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் பலமாகத் தள்ள அதனால் முடியாது. அப்போ நமக்குக் கேட்கிற அந்தக் கனமான பேஸ் எங்கிருந்து வருது? பெரும்பகுதி நம்ம மூளையிலிருந்து. ஒரு கம்பி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கும் சேர்ந்து ஒலிக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ். சி2 மீட்டினால் 65.4 மட்டும் இல்லை, 130.8, 196.2, 261.6, 327 எல்லாம் வரும். கீழே அடிப்படை பலவீனமா இருந்தாலும், இவற்றுக்கு இடையே இருக்கும் 65.4 என்கிற சீரான இடைவெளியை வைத்து மூளை "இது சி2" என்று முடிவு பண்ணிடும். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் மெட்டு நமக்குப் புரிவதும் இதனாலதான்.

ட்யூனர் ஏன் குழம்புது

மூளை செய்கிற இந்த வேலையை எல்லா ட்யூனர் ஆப்பும் சரியாகச் செய்யாது. முதல் காரணம், ஃபோன் மைக் கீழ் அதிர்வெண்களைப் பொதுவாகக் குறைவாகவே பிடிக்கும். ஏற்கெனவே பலவீனமான அடிப்படை இன்னும் தேய்ந்து போகும்.

ரெண்டாவது காரணம் கணக்கு. ஒரு எளிய ஆப் ஒலியைத் துண்டு துண்டாக எடுத்து எஃப்.எஃப்.டி போடுதுன்னு வைங்க. நொடிக்கு 44,100 சாம்பிள், ஒரு துண்டுக்கு 4,096 சாம்பிள். அந்தத் துண்டின் நீளம் சுமார் 93 மில்லிநொடி. இதில் கிடைக்கும் அதிர்வெண் கட்டங்களின் அகலம் 10.8 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயியில் இது பரவாயில்லை. ஆனா 55 ஹெர்ட்ஸில்? ஏ1-க்கும் சி2-க்கும் நடுவே இருப்பதே 10.4 ஹெர்ட்ஸ்தான். மூணு அரைச் சுரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிடும்! துல்லியம் வேணும்னா அதிக நேரம் கேட்கணும். ஒரு முழு நொடி கேட்டாலும் கட்டத்தின் அகலம் 1 ஹெர்ட்ஸ். 55-ல் 1 ஹெர்ட்ஸ் என்பது சுமார் 31 சென்ட். ஒரு அரைச் சுரம் 100 சென்ட் என்பதால், இது கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு.

நல்ல ஆப்கள் இதைவிடப் புத்திசாலித்தனமான வழிகளைப் பயன்படுத்தும். ஆனா அவையும் பலமான ஹார்மோனிக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறலாம். அதிலும் மூணாவது ஹார்மோனிக் பலமா இருந்தால் ஆபத்து. சி2-வின் மூணாவது ஹார்மோனிக் 196.2, அது ஜி3. கம்பி சரியா சி-யில் இருக்கும், திரையில் 'ஜி' என்று வரும்.

இங்கேதான் கம்பி அறுகிறது

இப்போ ஒருத்தர் பழைய ஜிதர் ஒண்ணை வாங்கி, ஆப்பைத் திறந்து, பட்டியலைப் பார்த்து உட்கார்றார்னு வைங்க. பட்டியலில் அந்தக் கம்பி சி. திரையில் ஜி. "ஓ, கீழே இருக்கு போல, ஏத்தணும்" என்று சாவியைத் திருப்புறார். ஜி-யிலிருந்து மேலே உள்ள சி-க்குப் போக அதிர்வெண் 4/3 மடங்கு ஆகணும். இழுவிசை அதன் வர்க்கம், அதாவது 16/9. கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுதல் இழுவிசை, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு கம்பி மேல! ஸ்தாயி குழம்பி ஒரு முழு ஸ்தாயி ஏத்தப் பார்த்தால் 4 மடங்கு.

உள்ளே இருக்கும் நூல்தான் எல்லாத்தையும் தாங்குதுன்னு சொன்னேன் இல்லையா? அது அறுந்துடும். நூறு வயசான பட்டு நூலாக இருந்தால் அதற்கு முன்னாடியே. கம்பி போனால் வேறு வாங்கலாம். ஆனா பெட்டியும் சேர்ந்துதான் இழுபடுது. ஒரு கம்பிக்கு வெறும் 6 கிலோ என்று குறைத்துப் போட்டால்கூட 35 கம்பிக்கு 210 கிலோ. பல வருஷம் தளர்ந்து கிடந்த பெட்டியில் இதை ஒரே நாளில் ஏற்றினால் ஒட்டு விடலாம், மேல்பலகை வளையலாம், முளை பதிந்த மரம் விரியலாம்.

அதனால முதல் விதி: காதுக்கும் ட்யூனருக்கும் ஒத்துவரலைன்னா சாவியைக் கீழே வைங்க. மேலே ஏத்தும் முன், ஏற்கெனவே சரியாக இருக்கும் ஒரு ஸ்தாயி மேல் கம்பியை மீட்டிப் பாருங்க. சி2-க்கு சி3, ஏ1-க்கு ஏ2. இவை ரெண்டும் பேஸ் கூட்டத்திலேயே இருக்கு. அதோடு உங்க கருவி முனிச் முறையா வியன்னா முறையா, எத்தனை கான்ட்ராபேஸ், அவற்றின் வரிசை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்க. வேறு கருவிக்கான பட்டியலை வைத்து முடுக்குவதும் இதே விபத்துதான்.

ட்யூனருக்கு உதவி செய்யும் மூன்று வழிகள்

ஒண்ணு: மீட்டும் இடத்தை மாத்துங்க. கம்பியை அதன் நீளத்தில் மூணில் ஒரு பங்கு இடத்தில் மீட்டினால் மூணாவது ஹார்மோனிக் கிட்டத்தட்ட எழும்பாது. அந்த ஹார்மோனிக் அசையாமல் நிற்கும் புள்ளி அதுதான், அசையாத இடத்தில் தட்டினால் அது கிளம்பாது. 45 செ.மீ. கம்பியில் குதிரையிலிருந்து 15 செ.மீ. அங்கே மீட்டிப் பாருங்க, பொய் 'ஜி' பெரும்பாலும் காணாமல் போகும். பலர் நட்டநடுவில் மீட்டுவாங்க. அது 2, 4-ஆம் ஹார்மோனிக்கைத்தான் அடக்கும். 3 அப்படியே இருக்கும், நமக்கு அதுவே பிரச்சினை. நகத்தை விட விரல் சதையால் மெதுவா மீட்டுவதும் உதவும்.

ரெண்டு: நடுப்புள்ளியை லேசாகத் தொட்டு மீட்டுங்க. இடது விரல் கம்பியின் சரிபாதியைத் தொடணும், அழுத்தக் கூடாது. வலது கை காலில் ஒரு பங்கு இடத்தில் மீட்டணும். மீட்டியதும் இடது விரலை எடுத்துடுங்க. அடிப்படை அடங்கி ஒரு ஸ்தாயி மேல் சுரம் மணி மாதிரி வரும். சி2 இப்போ 130.8 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அந்த அளவில் ட்யூனர் குழப்பமில்லாமல் படிக்கும்.

மூணு: மற்ற கம்பிகளை அடக்குங்க. முப்பதுக்கு மேற்பட்ட கம்பிகள் திறந்து கிடக்கு. பேஸ் கூட்டத்தில் பக்கத்துக் கம்பி பஞ்சமம் அல்லது மத்யமம் தள்ளி இருப்பதால், ஒன்றின் மூணாவது ஹார்மோனிக்கும் மற்றதன் ரெண்டாவதோ நாலாவதோ ஹார்மோனிக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஒத்ததிர்வில் அதுவும் பாட ஆரம்பிச்சுடும். கான்ட்ராபேஸில் பக்கத்துக் கம்பி அரைச் சுரம் தள்ளி இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனா அந்தப் பக்கம் இருக்கும் ஸ்தாயிக் கம்பி கூடவே ஒலிக்கும். மெல்லிய துணி ஒண்ணை மடித்து மற்ற கம்பிகள் மேல் வைங்க. ஒரு நேரத்தில் ஒரே சிக்னல்.

கடைசி வார்த்தை காதுக்கு

ட்யூனர் தோராயமா கொண்டுவந்து விட்ட பிறகு, துல்லியத்துக்கு விம்மல்தான் வழி. கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணில் ரெண்டு ஒலி சேர்ந்தால், சத்தம் ஏறி இறங்கும். நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏ1 கம்பி 5 சென்ட் குறைவு என்று வைப்போம். 55 ஹெர்ட்ஸில் அது 0.16 ஹெர்ட்ஸ், 6 நொடிக்கு ஒரு விம்மல். அதைக் கேட்டு முடிப்பதற்குள் கம்பியின் சத்தம் தேய்ந்து போகும். ஆனா சரியான ஏ2-வையும் ஏ1-ஐயும் சேர்த்து மீட்டி, 220 ஹெர்ட்ஸ் பகுதியைக் கவனிச்சால் 1.6 நொடிக்கு ஒரு விம்மல். 440 பகுதியில் 0.8 நொடிக்கு ஒண்ணு. அதே பிழை, மேலே போகப் போகப் பெரிதாகித் தெரியும். லாக்கில் கண்ணுக்குத் தெரியாத பிழையை ஜூம் பண்ணிப் பார்க்கிற மாதிரி. ஆகவே கீழ்க் கம்பியைச் சேர்க்கும்போது கீழே கேட்காதீங்க, மேலே கேளுங்க.

"5 சென்ட் கீழேயே கேட்கலைன்னா விட்டுடலாமே?" என்றால், தனியாக மீட்டினால் விட்டுடலாம். ஆனா ஒரு வால்ட்ஸில் முதல் அடி பேஸ், அடுத்த ரெண்டு அடி கார்டு. பேஸ் இன்னும் ஒலிக்கும்போதே கார்டு அதன் மேல் விழும். சி2-வின் நாலாவது ஹார்மோனிக் 261.6, அதாவது கார்டில் இருக்கும் சி4 அதே இடம். பேஸ் 10 சென்ட் தப்பினால் அங்கே நொடிக்கு 1.5 விம்மல். கேட்பவருக்கு "கார்டு புளிக்குது" என்றுதான் தோணும், குற்றவாளி பேஸ் என்று தெரியாது. வாசிப்பவர் கார்டுக் கம்பிகளைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டே இருப்பார். பேஸ் சுருதி முக்கியமாவது பேஸுக்காக இல்லை, அதன் தலைக்கு மேல் நிற்கும் எல்லாத்துக்காகவும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. கம்பிகள் பஞ்சம வரிசையில் இருக்கே, அப்படியே சா-பா, சா-பா என்று சுத்தமான பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டே போகலாமே? கூடாது. சுத்தமான பஞ்சமம் இந்தக் கருவியின் சம இடைவெளிப் பஞ்சமத்தை விட சுமார் 2 சென்ட் பெரிது. 12 முறை சுற்றி வந்தால் 23 சென்டுக்கு மேல் சேர்ந்துவிடும். சுற்றின் கடைசியில் கதவு மூடாது. கார்டுக் கம்பிகளை ட்யூனரில் சேர்த்துவிட்டு, பேஸையும் கான்ட்ராபேஸையும் ஸ்தாயி பார்த்துச் சேருங்க.

கை வேலை

பேஸ் கம்பிகளுக்குக் கிட்டாரில் இருப்பது போல் பல்சக்கரம் கிடையாது. மரத்தில் இறுகப் பதிந்த இரும்பு முளை, அதைத் திருப்ப ஒரு சாவி, அவ்வளவுதான். முளையின் விட்டம் 5 மி.மீ. என்று வைத்தால், 1 டிகிரி திருப்பினால் 0.044 மி.மீ. கம்பி இழுபடும். எஃகு மையம் உள்ள கம்பி சுருதிக்கு வர 2 மி.மீ. தான் நீண்டிருக்கு என்றால், அந்த ஒரு டிகிரி இழுவிசையை 2.2 சதவீதம் மாத்தும். சுருதியில் 19 சென்ட்! நைலான் மையம் அதிகமா நீள்வதால் கொஞ்சம் சாதுவா இருக்கும். எப்படியும் சாவியைத் திருப்பாதீங்க, சாய்ச்சுப் பாருங்க. முதலில் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்க. குதிரையில் உராய்ந்து நிற்கும் தளர்வு அப்போதான் வெளியேறும்.

பலமாக மீட்டினால் சுருதி முதலில் சற்று மேலே எழுந்து பிறகு இறங்கும். அதனால வாசிக்கும் அதே பலத்தில் மீட்டி, முதல் அரை நொடியை விட்டுவிட்டு அளங்க.

கடைசியா, வரிசை. ஒவ்வொரு கம்பியும் பெட்டியைக் கொஞ்சம் வளைக்கும், அதனால முதலில் சேர்த்த கம்பிகள் இறங்கும். முதல் சுற்றில் கான்ட்ராபேஸ் வரை எல்லாத்தையும் தோராயமா கொண்டுவாங்க. கொஞ்ச நேரம் விடுங்க. ரெண்டாவது சுற்றில் மெட்டுக் கம்பி, கார்டு, பேஸ், கான்ட்ராபேஸ் என்று துல்லியமா. பல வருஷம் சும்மா கிடந்த கருவி என்றால் ஒரே நாளில் சுருதிக்குக் கொண்டுவர வேண்டாம். சில நாட்களில், படிப்படியா. மேல்பலகையில் விரிசல் தெரிந்தாலோ முளை நிற்காமல் வழுக்கினாலோ அங்கேயே நிறுத்தி, கருவி செய்பவரிடம் கொண்டுபோங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த தடவை 'தி தேர்ட் மேன்' தீம் கேட்கும்போது மெலடியை விட்டுட்டு, கீழே நடக்கும் அந்தத் தும் தும்மை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.